ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில்

மார்ச் 3, திங்கள்

இந்தப் பதிவேட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொடுத்திருக்கிறார்கள். நீல அட்டை. இடப்பக்கம் கட்டங்கள்: தேதி, நேரம், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம், பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம், ஈரம், விவசாயி கையொப்பம். வலப்பக்கம் முழுக்க வெள்ளை. மேலே ‘குறிப்புகள், ஏதேனும் இருப்பின்’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டு என்னிடம் ஏதாவது உண்டா என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

முதல் பக்கத்தில் ‘விவசாயி பெயர்: திரு. லோகநாதன்’ என்று என் கணவர் பெயரைத் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறார்கள். நிலம் என் அப்பா எனக்கு எழுதிக்கொடுத்த நாற்பது சென்ட். பட்டா என் பெயரில் இருக்கிறது. மிளகாய் நட்டது நானும், தோட்ட வேலைக்கு வரும் மயிலக்காவும். தினம் இரண்டு வேளை அளவெடுக்கப் போவதும் நான். பெயரைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5

முனைவர் திருவேங்கடம் வந்து கருவிகளைப் பதித்துவிட்டுப் போனார். திட்டத்தின் தலைவர் அவர். வெயிலில் இறங்குவதற்கு முன் கைக்குட்டையைத் தலையில் நான்கு முடிச்சுப் போட்டு மாட்டிக்கொள்வார்.

“சிம்பிளா சொல்றேன்மா. வரிசைப் பயிர்ல செடிக்கும் செடிக்கும் நடுவுல வெத்து மண் கெடக்குது இல்லையா, வெயில் நேரா அங்கதான் விழும். மண் சூடாகி, ஈரத்தை ஆவியா விட்டுடும். அந்த அனல் பக்கத்துச் செடியோட இலைக்கு அடியில போய் அடிக்கும். செடி தன்னைக் குளிர வைக்க இன்னும் தண்ணி இழுக்கும். மண்ணுல இருந்தாத்தானே இழுக்கும்? அதுக்குத்தான் மூடாக்கு.”

மூடாக்கு என்று மண்ணின் மேல் பரப்பியது காய்ந்த கரும்பு இலை, அதாவது சோகைதான். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு முடிந்ததும் இரண்டு டிராக்டர் சோகை வாங்கி, பதினெட்டு வரிசையில் பதினேழு வரிசையின் இடைவெளிகளை நானும் மயிலக்காவும் மூடினோம். பதினெட்டாவது வரிசை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திறந்த மண். மூன்றாம் வரிசையில் இரண்டு வெப்பமானி, பதினெட்டில் இரண்டு.

நான் இயற்பியல் படித்தவள் என்று சொன்னேன். “ஓ, வெரி குட்” என்று சொல்லிவிட்டு என் கணவர் பக்கம் திரும்பி, “சார், தினமும் ரீடிங் கரெக்டா எடுத்துடுங்க” என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் இரண்டு மணி. திறந்த வரிசை 41. மூடிய வரிசை 31. ஐந்து சென்டிமீட்டர் என்பது என் சுண்டுவிரல் நீளம். ஒரு சுண்டுவிரல் ஆழத்தில், நாற்பதடி தூரத்தில், ஒரே மண்ணுக்குள் பத்து டிகிரி வித்தியாசம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில்கூட எனக்கு இவ்வளவு சுத்தமாக விடை வந்ததில்லை.

மயிலக்கா குனிந்து வெப்பமானியைப் பார்த்தாள்.

“மண்ணுக்குக் காய்ச்சலுங்களா அம்முணி?”

“ஆமாங்க்கா. இங்க நாப்பத்தொண்ணு.”

“எனக்கு நூறு வந்தப்பகூட இப்புடி ரெண்டு வேளை யாரும் வந்து பாக்கல. குடுத்து வெச்ச மண்ணு.”

கையொப்பக் கட்டத்தில் என் கணவர் இன்று காலையில் வாரம் முழுவதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். இனி ஞாயிறுதோறும் அப்படித்தானாம். எண்களைப் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் கட்டத்துக்குக் கட்டம் அழகாகிறது.

மார்ச் 16

மச்சாண்டார் வந்திருந்தார். என் கணவரின் அண்ணன் குப்புராஜ். அவருக்கு மூன்று கோழி ஷெட் இருக்கிறது. ஊரில் அவர் வந்தால் ஆட்கள் எழுந்து நாற்காலி தருவார்கள். என் கணவர் வந்தால் உட்கார்ந்தபடியே வாங்க என்பார்கள். இந்த வித்தியாசத்தை இவர் பல வருடமாக அளந்துகொண்டிருக்கிறார். அதற்கு வெப்பமானி தேவையில்லை.

“ரோட்டு மேல இருக்கற எடத்துல மொளகாயப் போட்டுட்டு ஒக்காந்திருக்கறயே தம்பி. ஷெட்டு போட்டா லாரி வாசல்லயே வந்து நிக்கும்” என்றார் மச்சாண்டார்.

அவர் போன பிறகு இவர் என்னிடம் பேசினார்.

“ஏம் பிரபா, அண்ணன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குதல்ல?”

“அது எங்கப்பா குடுத்த நெலமுங்க.”

“அட, ஆரு இல்லைன்னது? சரி, ஒண்ணு பண்ணலாம். வைகாசி ஆறாந்தேதி நாள் நல்லா இருக்குதாம். அதுக்குள்ள அந்த வயல்ல ஒரு சாக்கு மொளகா எடுத்துக் காட்டு. எடுத்தீன்னா அது ஒம்பட வயலு, நானு வாயே தொறக்கல. இல்லைன்னா பேசாம ஷெட்டப் போட்டர்லாம்.”

ஒரு சாக்கு. சரி என்றேன். கூடத்தில் உட்கார்ந்து சரி என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை. எழுந்து சமையலறைக்குப் போன பிறகுதான், என் நிலத்தை நானே எதற்குப் பந்தயத்தில் வைத்தேன் என்று தோன்றியது.

மார்ச் 22

2 மணி. 43, 32. முருங்கைக்கீரைப் பொரியல். அவருக்கு உப்புக் கம்மி.

ஏப்ரல் 1

முதல் பூ. நான்காம் வரிசை, ஏழாவது செடி. மிளகாய்ப் பூ தலையைக் கவிழ்த்துக்கொண்டுதான் பூக்கும். தொட்டு நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தொலைபேசி. பத்தாம் தேதி மத்தியக் குழு வருகிறதாம். எட்டுப் பேர். மூடாக்கு போட்ட முன்மாதிரி வயலைப் பார்க்கிறார்களாம். அவர் போனை வைத்துவிட்டு வாசலில் நின்று தலையைக் கோதிக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, “அந்த நீலச் சட்டை எங்க புள்ள?” என்றார்.

ஏப்ரல் 4

குழுவுக்கு முன்னால் அவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ‘மூடாக்கின் ஐந்து நன்மைகள்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்று, மண் சூடாகாது. இரண்டு, ஈரம் ஆவியாகாது. மூன்று, களை வராது. நான்கு, பூ கொட்டாது. ஐந்து, மக்கி உரமாகும். அவர் நிலைக்கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்கிறார். மூன்றுக்குப் பிறகு ஐந்துக்குத் தாவிவிடுகிறார். பூ அவர் நினைவில் நிற்கவில்லை.

ஃப்ளெக்ஸுக்குப் படம் எடுக்க ஆள் வந்தது. பன்னிரண்டடிக்கு எட்டடி. அவர் கைகூப்பியபடி, பின்னால் வயல். என்னையும் நிற்கச் சொன்னார்கள். படமெடுத்தவர் பார்த்துவிட்டு, “அக்கா கொஞ்சம் அக்கட்டால போங், வயலை மறைக்குது” என்றார். போனேன்.

ஏப்ரல் 6

முன்னால் இருக்கும் இரண்டு வரிசைகளை மயிலக்கா கூட்டினாள். படத்தில் சோகை கசமுசாவென்று விழுந்திருந்தது.

2 மணி. 44, 32.

ஏப்ரல் 8

மதியம் முழுவதும் குழுவுக்கு முறுக்கு பிழிந்தேன். ரீடிங் எடுக்க வயலுக்குப் போனபோது மணி நான்கு. வாசலில் சுண்ணாம்புக் கோடு. வாழை மரம் இரண்டு. தூரத்திலிருந்து பார்த்தபோது வயல் ஏதோ வேறொருவருடையது போலச் சிவப்பாக இருந்தது. கிட்டே போனதும்தான் புரிந்தது. பதினேழு வரிசையிலும் ஒரு சருகு இல்லை. ஈர்க்குமாறு போட்ட வரி வரியான தடம் மட்டும். ஏழு ஆட்கள், அரை நாள் வேலை.

மூலையில் சோகை எரிந்துகொண்டிருந்தது. அவர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“எப்புடி? வாசல் மாதிரி இருக்குதா?”

“ஏனுங்க… அதுதானுங்க மூடாக்கு.”

“எது?”

“எரியுதே அது.”

அவர் நெருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அட, அது குப்பை புள்ள. மூடாக்குப் பாக்கப் பெரிய பெரிய ஆளுங்க வாராங்க. குப்பைக்குள்ளயா நடக்க உடறது? நீதான மொதல்ல…” என்று ஆரம்பித்து, பந்தல்காரர் கூப்பிட்டதும் போய்விட்டார்.

மயிலக்கா ஓடிவந்து என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கிக்கொண்டாள். அதை நான் விசிறியைப் போல வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தேனாம். நெருப்பை அணைக்கவா, எனக்கே காற்று வேண்டியா என்று இப்போது நினைவில்லை.

ஏப்ரல் 10

குழு வந்தது. இதை முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

வயலின் முன்பாதிக்கு மேல் நேற்றே பந்தல் போட்டாகிவிட்டது. வரப்பின் மேல் சிவப்புக் கம்பளம். கம்பளம் போதாமல் முதல் வரிசையில் எட்டுச் செடிகளை மிதித்துக்கொண்டுதான் ஆட்கள் நிற்க முடிந்தது.

முனைவர் திருவேங்கடம் வண்டியிலிருந்து இறங்கி, கைக்குட்டையில் மூன்றாவது முடிச்சைப் போடும்போது வயலைப் பார்த்தார். நான்காவது முடிச்சைப் போடவேயில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“எங்கம்மா மூடாக்கு?”

“கூட்டிட்டாங்க சார்.”

“கூட்டி?”

“எரிச்சுட்டாங்க.”

கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். “சரி. யாராவது கேட்டா மண்ணுக்குள்ள மக்கிடுச்சுன்னு சொல்லுங்க.”

யாரும் கேட்கவில்லை. என் கணவர் கைகூப்பி ஐந்து நன்மைகளையும் சொன்னார். இந்தமுறை பூவையும் விடவில்லை. மழித்த தலை போன்ற மண்ணின் மேல் நின்றுகொண்டு, மூடாக்கினால் மண்ணுக்கு என்ன நன்மை என்று அவர் சொல்லச் சொல்ல, ஒருவர் மொழிபெயர்க்க, எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். குழுத் தலைவர் மூன்றாம் வரிசை வெப்பமானியைக் குனிந்து பார்த்தார். முப்பது. நேற்றிலிருந்து பந்தல் நிழலில் இருக்கும் மண் வேறென்ன காட்டும்? “முப்பது!” என்று சத்தமாகச் சொன்னார். கைதட்டினார்கள். பந்தல்காரரும் தட்டினார். நியாயமாகப் பார்த்தால் பாராட்டு அவருக்குத்தான் சேர வேண்டும்.

மயிலக்கா மோர்த் தட்டோடு என் பின்னால் நின்று, “அந்த மூடாக்குன்னு சொல்றாங்களே, அது எங்கீங்க அம்முணி இருக்குது?” என்று காதில் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். குழுவில் ஒருவர் என் சிரிப்பைப் பார்த்து, விவசாயப் பெண்களின் முகமலர்ச்சி என்று அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

நாளிதழில் இவர் படம் வருமாம். பந்தலைச் சாயங்காலமே பிரித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11

2 மணி. மூன்றாம் வரிசை 46. பதினெட்டாம் வரிசை 46.

ஏப்ரல் 12

46, 46. சொட்டுநீர் அதே ஒரு மணி நேரம்தான் விடுகிறோம். ஈரமானி முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. கீழிலைகள் உள்பக்கமாக மடங்குகின்றன. செடிகளுக்கு அடியில் பூ விழுந்து கிடக்கிறது. முப்பது வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் சோகை கேட்டேன். வெட்டிய கட்டை மறுபடி தழையட்டும் என்று கொளுத்திவிட்டார்களாம். வைக்கோல் மாட்டுக்கே போதாது.

“பொழுதோட இன்னொருக்கா தண்ணி உடலாமுங்களா?” என்று இவரிடம் கேட்டேன்.

“தென்னைக்கு ஆரு உடறது?” என்றவர் நாளிதழை நீட்டினார். “பாரு, ஏழாம் பக்கம். காது மட்டும் கொஞ்சம் பெருசா உழுந்திருச்சு.”

ஏப்ரல் 13

ஆறாம் தேதிக் குறிப்பில் ‘மயிலக்கா கூட்டினாள்’ என்று எழுதியிருக்கிறேன். கூட்டச் சொன்னது நான். ஃப்ளெக்ஸ் படத்தில் தெரிந்ததைப் போலவே வருகிறவர்களுக்கும் என் வயல் குப்பைமேடாகத் தெரியும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு வரிசைதானே என்று நினைத்தேன். அதைப் பார்த்துத்தான் அவர் மீதி பதினைந்தையும் கூட்டச் சொன்னார். மண்ணைப் பற்றி ஒரு மாதமாக இந்தப் பக்கத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், பார்க்க ஆள் வருகிறது என்றதும் முதலில் துடைப்பத்தைத்தான் தேடியிருக்கிறேன்.

நேற்று அடித்த காற்றில் வாசல் ஃப்ளெக்ஸ் சாய்ந்து, குப்புற முதல் இரண்டு வரிசைக்கு நடுவில் விழுந்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. மதியம் செடி நசுங்கியிருக்கிறதா என்று ஒரு முனையைத் தூக்கினேன். உள்ளே கை வைத்தேன். ஈரம். வெப்பமானியைப் பிடுங்கிக்கொண்டு வந்து குத்தினேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 34.

ஃப்ளெக்ஸின் முதுகு வெள்ளை. வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அடியிலிருந்து கிளம்பும் ஆவிக்குப் போக வழியில்லை. பட்டப்படிப்பு முடித்து இருபத்துநான்கு வருடம் கழித்து ஒரு கண்டுபிடிப்பு. உதவிய கருவி, என் கணவரின் படம்.

மயிலக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, ஊருக்குள்ள பழைய ஃப்ளெக்ஸ் கெடைக்குமா?”

“எத்தன வேணுமுங்க?”

“எத்தன கெடைச்சாலும்.”

“நம்மூர்ல மழை கெடைக்காது, ஃப்ளெக்ஸா கெடைக்காது?”

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

வீட்டில் கனிகளை அடுக்கிக் கும்பிட்டுவிட்டு வயலுக்குப் போனால், மயிலக்கா வேப்பமரத்தடியில் ஃப்ளெக்ஸ் மலையோடு நிற்கிறாள். ஃப்ளெக்ஸுக்குச் சட்டம் கட்டுகிறவர் ஒருவர் தூக்கிப்போட இடமில்லாமல் குவித்து வைத்திருந்தாராம். மினி ஆட்டோவையும் அவரே அனுப்பியிருக்கிறார்.

இரண்டடி அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்து, படம் கீழே, வெள்ளை மேலே என்று விரித்து, ஓரங்களில் மண் அணைத்தோம். மூன்றாம் வரிசையில் ஒரு காதணி விழா. நான்காவதில் புதுமனை புகுவிழா. ஐந்தில் மணமக்கள். ஆறில் கண்ணீர் அஞ்சலி.

“பாவமுங்க, இவரை ரெண்டாந்தடவ பொதைக்கறோம்” என்றாள் மயிலக்கா.

ஏழாம் வரிசையில் ஊரின் இரண்டு பெரிய மனிதர்கள் அடுத்தடுத்து வந்துவிட்டார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போய் ஒன்பது வருடமாகிறது. “இப்பவாச்சும் ஒண்ணாப் படுங்க” என்று மயிலக்கா மண்ணைத் தள்ளினாள்.

பதினாறாம் வரிசை வரை வந்தது. பதினேழுக்குப் போதவில்லை. முதல் இரண்டு வரிசைக்கு நடுவில் கிடந்த அவருடைய ஃப்ளெக்ஸ்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதை எடுத்து நான்காகக் கிழித்தோம். கத்தி முகத்தின் மேல் போகாதபடி பார்த்துக்கொண்டேன். ‘பார்த்துக் கிழிங் அம்முணி’ என்று மயிலக்கா சொன்னதால்தான் என்று வேண்டுமானால் எழுதலாம். அவள் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர், “என்ற ஃப்ளெக்ஸ் எங்க, வாசல்ல காணோம்?” என்றார்.

“வயலுக்குள்ள வெச்சிருக்கறனுங்க.”

“ஆமா, ரோட்டுல இருந்தா வெயில்ல வெளுத்துப்போயிரும்” என்றார் திருப்தியாக.

ஏப்ரல் 15

46, 36.

ஏப்ரல் 18

46, 34. பூ கொட்டுவது குறைந்திருக்கிறது. புதுத் துளிர்.

ஏப்ரல் 20

இவர் ஏழு கையெழுத்துப் போட்டார். வயல் பக்கம் வந்து பத்து நாளாகிறது. பேசக் கூப்பிடுகிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஐந்து நன்மைகளைச் சொல்லிவிட்டு வந்தார். சால்வை ஒன்று. நீலச் சட்டைக்குத் தினமும் இஸ்திரி.

ஏப்ரல் 27

பிஞ்சு. எட்டாம் வரிசையில் ஆரம்பித்து பின்னோக்கி. கம்மல் திருகாணி அளவு. நான் எண்ண ஆரம்பித்தேன், மயிலக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். “எண்ணாதீங். கண்ணு பட்டுரும்.” இயற்பியல் படித்தவள் உடனே எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மே 4

கத்திரி வெயில் தொடங்கியது. 48, 35. பதினெட்டாவது வரிசையில் பாதிச் செடி நிமிரவில்லை.

மே 6

முனைவர் திருவேங்கடம் வந்தார். வெள்ளை வெளேரென்ற வரிசைகளைப் பார்த்துவிட்டு முடிச்சுப் போட்ட கைக்குட்டையைத் தலையிலிருந்து கழற்றினார். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். யாரோ ஒரு சிறுமி கிரீடம் வைத்துச் சிரித்தாள். மெதுவாக மூடினார்.

“இது பாலிமர் மூடாக்கும்மா. மறுசுழற்சி. பிரமாதம். லோகநாதன் சார் ஐடியாவா?”

நான் பதில் சொல்வதற்குள் எழுதிக்கொண்டார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். நல்லவேளை, இடப்பக்கத்தை மட்டும்.

“எல்லாம் சரி. ஏப்ரல் எட்டுலேருந்து பதினாலு வரைக்கும்தான் கிராஃப்ல பல்லு உடைஞ்ச மாதிரி இருக்கு. திடீர்னு நாப்பத்தாறு, நாப்பத்தாறு. மேலிடத்துல கேப்பாங்க. இந்தாங்க புதுப் பதிவேடு. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் முந்தின வார சராசரியப் போட்டு அழகா ஃபேர் காப்பி எடுத்துடுங்க.”

“நாப்பத்தாறு இருந்துச்சு சார்.”

“இருந்துச்சும்மா, இல்லைன்னா சொல்றேன்? அது இயற்கையா வந்ததில்லையே. கூட்டினதால வந்தது.”

“பூவும் கூட்டினதாலதான் சார் கொட்டுச்சு.”

“அதுக்கு நம்ம ஃபார்ம்ல கட்டம் இல்லையேம்மா” என்றார், நிஜமான வருத்தத்தோடு. நல்ல மனிதர்தான். இருபத்தொன்றாம் தேதி வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 12

காய் விரல் நீளம். மச்சாண்டார் ஷெட்டுக்கு அளவு போடும் ஆளிடம் சொல்லிவிட்டாராம். வைகாசி ஆறு, காலை பத்தரை மணி.

மே 19

இன்று காலை முதல் பறிப்பு. நானும் மயிலக்காவும். பதினேழு வரிசையும் முடித்தபோது சாக்கு முக்கால். கழுத்துக்குக் கீழே ஒரு முழம் காலியாக நிற்கிறது. ஏப்ரலில் கொட்டிய பூவெல்லாம் அந்த ஒரு முழத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

“குலுக்காம வெச்சா நெறைஞ்ச மாதிரித்தான் தெரியுதுங்” என்றாள் மயிலக்கா.

“மூட்டை தூக்கறப்பக் குலுங்குமே அக்கா.”

“அவிங்க எங்க தூக்கப் போறாங்க?”

வாய் திறந்தபடி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தோம். பிஞ்சாக விட்ட காய்கள் இன்னும் இருக்கின்றன. நாளை காலை கொஞ்சம் பருத்திருக்கும். ஒரு முழத்துக்குப் பருக்காது.

மே 20, வைகாசி 6

ஆறு மணிக்கே போய்விட்டோம். பத்து மணி வரை பறித்ததில் அரை முழம் ஏறியது.

பத்தரைக்கு வண்டிச் சத்தம். மச்சாண்டார், அளவு போடும் ஆள், கயிறு, முளைக்குச்சி, சுண்ணாம்பு. பின்னால் இவர். நீலச் சட்டை. வயலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் கூட்டிவிட்டுப் போன சிவப்பு மண் இல்லை. வரிசை வரிசையாக வெள்ளை, நடுவே பச்சை.

“என்ன தம்பி இது, வயலுக்கு வேட்டி கட்டி உட்டிருக்கற?” என்றார் மச்சாண்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அரை முழக் காலியை இரண்டு பேரும் பார்த்தோம்.

அளவு போடும் ஆள் முளையடிக்கப் பதினேழாம் வரிசைக்குப் போனார். குச்சி இறங்க ஃப்ளெக்ஸை ஒரு பக்கம் பிடித்து அப்படியே புரட்டினார். அடியில் என் கணவர் கைகூப்பிக் கிடந்தார். நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் முத்து முத்தாகத் தண்ணீர். மண்ணிலிருந்து கிளம்பிய ஆவி, வெளியே போக முடியாமல் அவர் முகத்தில் படிந்து, சொட்டி, திரும்ப மண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. ஐந்து வாரமாக.

அளவு போடும் ஆள் ஃப்ளெக்ஸைக் கையிலிருந்து விட்டுவிட்டார்.

மயிலக்கா எட்டிப் பார்த்து, “ஏனுங் கவுண்டரே, உங்களுக்குத்தான் அங்க வேர்த்துக் கொட்டுதாட்ட இருக்குது” என்றாள்.

மச்சாண்டார் வாய்விட்டுச் சிரித்தார். இவருக்கு ஊரார் சிரிப்பு ஆகாது. கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். காதைப் பார்த்தேன். சிவந்தது.

இவர் குந்தி உட்கார்ந்தார். ஃப்ளெக்ஸை மறுபடி தூக்கி, தன் முகத்துக்குக் கீழிருந்த மண்ணில் ஒரு விரலை விட்டார். இன்னும் கொஞ்சம் விட்டார். எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பதினெட்டாம் வரிசையில் கால் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டு மறுபடி ஃப்ளெக்ஸ் மேல் வந்து நின்றார்.

“இங்க எத்தன டிகிரி?” என்றார்.

பதினொரு வாரத்தில் முதல்முறை கேட்கிறார்.

“இப்ப முப்பது. ரெண்டு மணிக்கு முப்பத்தஞ்சு வருமுங்க.”

“அங்க?”

“இப்ப முப்பத்தெட்டு. ரெண்டு மணிக்கு நாப்பத்தெட்டு.”

“நான் கூட்டுன பொறவு?”

“நாப்பத்தாறு. எல்லா வரிசையிலயும். அதுக்குத்தான் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்க.”

இவர் நீலச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு பதினேழாம் வரிசைக்குள் இறங்கினார். நாங்கள் பிஞ்சென்று விட்டதையெல்லாம் பறிக்கவில்லை. இலைக்கு அடியில் நாங்கள் பார்க்காமல் விட்டதை ஒவ்வொன்றாகத் தேடிப் பறித்தார். ஒரு மணி நேரம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பதினெட்டாம் வரிசையின் கோணல் காய்களையும் விடவில்லை. மடியில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினார்.

“வாயைப் புடி” என்றார். பிடித்தேன். சாக்கைத் தூக்கி இரண்டு குலுக்குக் குலுக்கினார். நான்கு விரல் இறங்கியது. மயிலக்கா முந்தானையிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்துப் போட்டாள். அதை அவள் தன் வீட்டுக்கு என்று எடுத்து வைத்திருந்தாள்.

சாக்கைத் தைத்தார்.

“அண்ணா, ஷெட்ட வேற பக்கம் பாத்துக்கலாம்” என்றார்.

மச்சாண்டார், “ஏண்டா தம்பி, ஒரு சாக்கு மொளகாய்க்கா?” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். இவர் மச்சாண்டாரின் தோளில் கைபோட்டு வரப்போரமாகக் கூட்டிப்போனார். “நீ பாக்கறது சும்மா ஃப்ளெக்ஸுன்னு நெனைக்காத. வெயிலு எங்க உழுகுதுன்னு நெனைக்கற? ரெண்டு வரிசைக்கு நடுவுல. அங்கதான் விசயமே இருக்குது. மொதலாவது, மண்ணு சூடாகாது…” ஐந்தையும் சொன்னார். வரிசை மாறவில்லை. நான்காவதைச் சொல்லும்போது மட்டும் குனிந்து, கவிழ்ந்திருந்த ஒரு பூவை விரலால் நிமிர்த்திக் காட்டினார்.

மயிலக்கா என்னை இடித்தாள். “கேட்டீங்களா? ஃப்ளெக்ஸ் விரிச்சதும் அவருதானாட்ட இருக்குது.”

மே 21

முனைவர் திருவேங்கடம் மதியம் வருவார். காலையிலிருந்து ஃபேர் காப்பி எழுதினேன். எண்கள் எல்லாம் இருந்தபடியே. ஏப்ரல் 11, நாற்பத்தாறு. ஏப்ரல் 12, நாற்பத்தாறு. பல் உடைந்த இடத்தில் உடைந்த பல்.

வலப்பக்கங்களைக் காலியாக விட்டுக்கொண்டே வந்தேன். முறுக்கும், நீலச் சட்டையும், மச்சாண்டாரும் அரசாங்கத்துக்குத் தேவையில்லை. இந்தப் பழைய பதிவேடு என் புடவைகளுக்கு அடியில் இருக்கும். ஏப்ரல் எட்டு வந்ததும், ‘மூடாக்கு அகற்றி எரிக்கப்பட்டது. காரணம்: பார்வையாளர் வருகை’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். உண்மைதான். ஆனால் பாதி.

இரண்டு நாள் மேலே போய் ஏப்ரல் ஆறுக்கு எதிரே எழுதினேன்: ‘முதல் இரண்டு வரிசைகளின் மூடாக்கு அகற்றப்பட்டது. அகற்றச் சொன்னவர்: பிரபாவதி.’

இந்தத் திட்டத்தின் காகிதம் எதிலும் என் பெயர் வருவது இதுதான் முதல்முறை. தப்புச் செய்த இடத்தில் வந்திருக்கிறது. மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புதுப் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். இதில் அவர்கள் எதையும் தட்டச்சு செய்து ஒட்டவில்லை. ‘விவசாயி பெயர்’ என்ற இடம் காலியாக இருந்தது.

அவர் பின்னால் வந்து நின்றது தெரியும். சோப்பு வாசனை. இன்றைக்குச் சட்டை வெள்ளை.

“நாந்தான் கையெழுத்துப் போடோணும், குடு” என்றார்.

“இருங்க. மொதல்ல பேரு எழுதோணும்.”

எழுதினேன். அவர் குனிந்து படித்தார். பேனாவுக்காக நீட்டிய கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு அதைக் கொண்டு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து எண்களைப் படிக்க ஆரம்பித்தார்.

2 மணி. 48, 35.